பெல்ட் கிரைண்டர் வீட்டில கட்டுறன், 72 இஞ்சிதான் வேணுமா?

கடற்காத்து (வெள்ளவத்தை)
வணக்கம் எல்லாருக்கும். கத்தி செய்யுற பைத்தியம் பிடிச்சு ஒண்டரை வருஷமாகுது, இவ்வளவு நாளும் ஆங்கிள் கிரைண்டரும் அரமும்தான், மூண்டு சமையல் கத்தி முடிச்சிருக்கிறன், அதில ஒண்டில அம்மா மீன் வெட்டுறா, மற்ற ரெண்டையும் ஆருக்கும் காட்டேலாது. இப்ப பெல்ட் கிரைண்டர் ஒண்டு, அதான் மண் ஒட்டின துணிப் பெல்ட்டை மோட்டரால சுத்தவிட்டு இரும்பு தேய்க்கிற மிஷின், நானே கட்டப்போறன். 2 இஞ்சி அகலம் 72 இஞ்சி நீளப் பெல்ட், அமெரிக்காவில கத்தி செய்யுற ஆக்கள் பாவிக்கிற சைஸ். பொக்ஸ் பார் ஃபிரேம். பழைய தண்ணிப் பம்ப் மோட்டர் 1 எச்பி சும்மா கிடக்குது. சில்லு எல்லாம் பிளைவுட்டை வட்டமா வெட்டி ஒட்டி எடுப்பம் எண்டு யோசிக்கிறன். கொழும்பில கட்டின ஆக்கள் இருந்தா சொல்லுங்கோ.

பஞ்சிகாவத்தை நானா
மோட்டர், ஃபிரேம் எல்லாம் சொன்னீங்க தம்பி, பெல்ட் எங்க வாங்கப் போறீங்க? நான் இதே 72 கட்டினேன், அழகா ஓடிச்சு. பிறகு பழைய சோனகத் தெருவுல கடை கடையா ஏறி இறங்கினேன், எல்லாரும் எடுத்துக் காட்டினது கையில பிடிச்சு மரம் தேய்க்கிற சேண்டருக்குப் போடுற 100க்கு 610 மில்லிமீட்டர் பெல்ட்டுதான். கடைசில வெளிநாட்டுல இருந்து 10 எடுப்பிச்சேன், வந்து சேர்ந்த கூலியும் வரியும் பெல்ட் விலையத் தாண்டிட்டு. அந்தப் பத்தும் முடிஞ்ச நாள்ல இருந்து மிஷின்ல வீட்டுல துவாய் காயப் போடுறாங்க. முதல்ல இங்க கிடைக்கிற பெல்ட்டப் பாருங்க, அதுக்கு ஏத்த மாதிரி மிஷினக் கட்டுங்க.

இரும்புத்தூள்
நானா சொல்றது பாதிதான் சரி. 610 போட்டு மிஷின் கட்டினா அது கத்திய சூடாக்குற மிஷின். கணக்கப் பாருங்க, மோட்டர்ல மாட்டுற 4 இஞ்சி டிரைவ் சில்லு, 2850 ஆர்பிஎம் மோட்டர், பெல்ட் செக்கனுக்கு 15 மீட்டர் ஓடும். 610 பெல்ட்ல ஒரே இடம் செக்கனுக்கு 25 தடவ சுத்தி வந்து இரும்புல உரசுது, 1830ல, அதாவது உங்க 72ல, 8 தடவ. நீளமான பெல்ட் ஆறுறதுக்கு நேரம் கிடைக்குது, மண்ணும் சீக்கிரம் மழுங்காது. அதனாலதாங்க அந்த நீளம், சும்மா ஸ்டைலுக்கு இல்ல. பம்ப் மோட்டர வுட்டுட்டு 1440 ஆர்பிஎம் மோட்டரா தேடுங்க, வேகம் பாதியாயிரும், புதுசா பழகுற ஆளுக்கு அதுதான் கை பதமா நிக்கும்.

அரம் போதும்
மூண்டு கத்தி செய்த பிள்ளைக்கு மிஷின் என்னத்துக்கு? நான் கொட்டாஞ்சேனையில ஒரு சின்ன பல்கனியில இருந்து செய்யுறன், ஒரு வைஸ், 12 இஞ்சி அரம் ரெண்டு, எமரி பேப்பர், அவ்வளவுதான். லொறி ஸ்பிரிங் பட்டையை சிவக்கக் காய்ச்சி உமிச்சாம்பலுக்குள்ள புதைச்சு வைச்சா அடுத்த நாள் விடிய அரம் சீஸ் சீவுற மாதிரி ஏறும். அரத்தைக் குறுக்கப் பிடிச்சு இழுத்துப் பாருங்கோ, பெவல், அதான் கத்தி வாய்ப் பக்கம் இறங்குற சரிவு, கண்ணாடி மாதிரி வரும். கொல்லன் பட்டறையில ஆர் பெல்ட் வைச்சிருந்தவன்?

கடற்காத்து (வெள்ளவத்தை)
அண்ணை, எனக்கு ஒரு கத்தியின்ர பெவலுக்கு மட்டும் மூண்டு சனி ஞாயிறு போகுது. வேலை முடிஞ்சு வந்து அரம் போட மணிக்கட்டு விடுகுதில்லை. அதோட இங்க கடற்காத்துக்கு, பாதியில வைச்ச கத்தி விடிய பழுப்பு நிறமாத்தான் எழும்புது. கெதியா முடிச்சு எண்ணெய் பூசினாத்தான் தப்பும்.

அரம் போதும்
எண்ணெயை இரவே பூசுறது. அதுக்கும் மோட்டர் வேணுமே?

பஞ்சிகாவத்தை நானா
ஹாஹா. இதுக்கு பதில் இல்ல.

இரும்புத்தூள்
சண்டைய பிறகு போடுங்க. பிளைவுட் சில்ல பத்தி யாருமே வாய் தொறக்கல. தம்பி, டிரைவ் சில்ல பிளைவுட்ல செய்யாதீங்க. நான் செஞ்சேன். மூணு துண்டு ஒட்டி, லேத் இல்லாததால மோட்டர்லயே சுத்த வுட்டு உளியால தட்டி வட்டம் எடுத்தேன், ரெண்டு மாசம் பிரச்சின இல்ல, மழை காலத்துல காத்து ஈரத்துக்கு பசை விட்டுருச்சி. ஓடிக்கிட்டு இருக்கிறப்ப ஒரு படை கழண்டு என் காதுப் பக்கமா போய் சுவத்துல அடிச்சிச்சி, அந்தப் பள்ளத்த இன்னும் பூசல, பாக்கிறப்ப எல்லாம் புத்தி வரட்டும்னு வுட்டுருக்கேன். லேத் பாஸ் ஒருத்தர்கிட்ட அலுமினிய உருளைய குடுத்து கடைஞ்சு எடுங்க. டிராக்கிங் சில்லுல நடு கொஞ்சம் மேடா இருக்கணும், பெல்ட் தானா அந்த மேட்டுக்கு ஏறி நிக்கும், அது இல்லாட்டி என்ன போல்ட்ட திருகினாலும் பெல்ட் பக்கவாட்டுல ஓடிரும். பேரிங் ரெண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளது எடுங்க, தகர மூடிக்குள்ள இரும்புத்தூள் போயிரும்.

கடற்காத்து (வெள்ளவத்தை)
சரி பிளைவுட் கான்சல். வோஷிங் மிஷின் மோட்டர் ஒண்டும் கிடக்குது, அது?

இரும்புத்தூள்
வேணாம். அது நாலு பக்கமும் திறந்த மோட்டர், கிரைண்டரோட தூள் உள்ளுக்குப் போய் கொயில்ல ஒட்டி ஒரு நாள் ஷோர்ட் ஆகும். முழுசா மூடி, பின்னால வெளிய விசிறி வச்ச மோட்டர்தான் வேணும். த்ரீ ஃபேஸ் பழசு கிடைச்சா விஎஃப்டி (ஒரு ஃபேஸ் கரண்ட்ட மூணாக்கி மோட்டருக்கு குடுக்குற கருவி) போட்டு வீட்டு 230லயே ஓட்டலாம், வேகத்தையும் கூட்டிக் கொறைக்கலாம், ஆனா மோட்டர் பிளேட்டுல 230/400னு இருக்கான்னு பாருங்க, இருந்தா டெல்டால, அதாவது மூணு கொயிலையும் முக்கோணமா இணைச்சு, கட்டணும். பிளேட்டுல 400/690 போட்ட மோட்டர் இந்த வேலைக்கு சரிவராது.

பஞ்சிகாவத்தை நானா
விஎஃப்டி போட்டா வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழும், முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். என்ட வீட்டுல ஸ்டார்ட் பண்ணின உடனே மொத்த வீடும் இருட்டு, உம்மா குசினில இருந்து கத்தினாங்க. எர்த் வயரக் கழட்டி விட்டேன், சரியாப் போச்சு.

அரம் போதும்
என்ன நானா நீங்க, பிள்ளைக்குச் சொல்லுற புத்தியே இது? அந்த விஎஃப்டிக்குள்ள இருக்கிற ஃபில்டர் கொஞ்சக் கரண்டை எர்த்துக்கு விடும், வீட்டு ட்ரிப் 30 மில்லி அம்பியரில விழுறது, அதுதான் விஷயம். எர்த்தைக் கழட்டினா அந்தக் கரண்ட் மிஷின்ர இரும்பு உடம்பில நிக்கும், நீங்க ஈரக் கையால தொடுவீங்கள். பக்கத்தில தண்ணி வாளி வைச்சுத்தானே கத்தி தேய்க்கிறது! விஎஃப்டிக்குத் தனி லைன் இழுத்து, அதுக்குச் சரியான ட்ரிப் எது எண்டு எலக்ட்ரீஷியனிட்டக் கேளுங்கோ. நான் அரத்துக்காரன்தான், ஆனா 30 வருஷம் வயரிங் வேலை செய்தனான்.

பஞ்சிகாவத்தை நானா
சரி அண்ணை, பிழைதான். இப்ப மிஷின் ஓடுறதில்ல, இருந்தாலும் இண்டைக்கே எர்த்த மாட்டி விடுறேன்.

கடற்காத்து (வெள்ளவத்தை)
அப்ப பெல்ட் விஷயம்? 610 சூடாகும், 1830 கிடைக்காது. நடுவில ஒண்டும் இல்லையா?

பஞ்சிகாவத்தை நானா
இருக்கு. மேசையில வைக்கிற மர சேண்டருக்குப் போடுற 100க்கு 915. அத நீளத்துக்கு ரெண்டாக் கிழிச்சா 2 இஞ்சி பெல்ட் ரெண்டு. பின்பக்கம் துணில பிளேடால கோடு போட்டு இழுத்தாப் போதும், நேராக் கிழியும். கிழிக்க முந்தி பெல்ட் உள்பக்கம் உள்ள அம்புக்குறியப் பாத்து, ரெண்டு துண்டுலயும் பேனையால அம்பு போட்டு வைங்க, இல்லாட்டி ஒரு துண்டுல திசை தெரியாமப் போகும், மறுபக்கமா ஓட்டினா ஒட்டுல போய் கத்தி இடிச்சு பெல்ட் பிய்யும்.

இரும்புத்தூள்
915ன்னா என் கணக்குல செக்கனுக்கு 16 தடவ, 1440 மோட்டர் போட்டா 8. அட, அது 72 பெல்ட்ட 2850ல ஓட்டுற அதே கணக்குதான். சரிங்க, ஒத்துக்கிறேன். ஆனா வேகம் பாதியானதால வேலையும் மெதுவாத்தான் நடக்கும், அத தெரிஞ்சிக்கிட்டு கட்டுங்க. அந்த மர பெல்ட் இரும்புக்கு சீக்கிரம் மொட்டையாகும், அதயும் சொல்லிட்டேன்.

அரம் போதும்
மொட்டைப் பெல்ட்டில அழுத்தித் தேய்ச்சுத்தான் எல்லாரும் கத்தியை எரிக்கிறது. காய்ச்சி டெம்பர் பண்ணின கத்தியில விளிம்பு நீலமா மாறினா அந்த இடம் 300 பாகை தொட்டிட்டுது, பதம் போயிட்டுது, பிறகு அது தகரம். வைக்கோல் மஞ்சள் தெரிஞ்சாலே கையை எடுங்கோ. கையுறை போடாமப் பிடிக்கிறது நல்லது, விரலுக்குச் சுடுகுது எண்டா வாளிக்குள்ள. பெல்ட் இழுத்தா கையுறையோட சேர்த்து இழுக்கும். சாரமும் வேண்டாம், காற்சட்டை போடுங்கோ.

கடற்காத்து (வெள்ளவத்தை)
சாரம் எண்டு எப்பிடி அண்ணை கண்டுபிடிச்சனீங்கள் 😅

சரி, 915, மூடின 1440 மோட்டர், அலுமினியச் சில்லு. வாற சனி பஞ்சிகாவத்தைப் பக்கம் மோட்டர் தேடப் போறன். அரம் அண்ணைக்காக ஒரு கத்தியை முழுக்கக் கையாலயும் செய்து பாக்கிறன், ஆனா அந்த உமிச்சாம்பல் கொழும்பில எங்க எடுக்கிறீங்கள்?

அரம் போதும்
ஊர் பஸ்ஸில வருது, உரப் பையில. அரைப் பை தாறன், ஆனா பையைத் திருப்பித் தரோணும்.