பயணத்தில் குழந்தைகளைப் படமெடுத்த கதை

என் கேமரா பையில் ஃபிளாஷ் கிடையாது. 50 மி.மீ. லென்ஸ் ஒன்று, 85 மி.மீ. ஒன்று, அவ்வளவுதான். கொள்கை எல்லாம் ஒன்றுமில்லை. முகத்தில் பளீரென்று அடித்தால் அந்தக் குழந்தை அடுத்த படத்துக்கு நிற்காது என்று ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டேன்.

முதலில் சொதப்பிய கதை. உச்சி வெயில், ஒரு கிராமத்து முற்றம். ஏழெட்டு வயதுப் பெண், இரட்டைப் பின்னல், ஒரு பின்னலில் மட்டும்தான் ரிப்பன். பாட்டியிடம் கேட்டாயிற்று, அவரும் தலையாட்டிவிட்டார். ஆனால் வெயில் நேர் மேலே நிற்கிறது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கருங்குழி, மூக்குக்குக் கீழே மீசை மாதிரி நிழல். நான் பெரிய புத்திசாலியாக, "மேலே பாரும்மா" என்றேன். பாவம், பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. திரும்பி வீட்டுக்குள் ஓடியே போய்விட்டாள்.

அதுவும் நல்லதாகப் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து, இந்த ஆள் கிளம்பிவிட்டானா என்று பார்க்க நிலைப்படியில் வந்து எட்டிப் பார்த்தாள். நான் தேடிய வெளிச்சம் அங்கேதான் இருந்திருக்கிறது. தலைக்கு மேல் கூரை இருந்ததால் நேர் வெயில் படவில்லை. எதிரே காய்ந்துகொண்டிருந்த முற்றம் அத்தனை வெளிச்சத்தையும் அவள் முகத்துக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. இரண்டு கண்ணிலும் வெளி முற்றம் குட்டி வெள்ளைச் சதுரமாகத் தெரிந்தது. பின்னால் இருட்டு அறை. மூட்டை, கொடியில் தொங்கிய துணி எதுவும் தெரியாமல் எல்லாம் கறுப்பாகிவிட்டது. ஸ்டுடியோவில் திரை கட்டினாலும் இப்படி வருமா என்பது சந்தேகம்.

ஒரு சிக்கல் உண்டு. படத்தில் பாதிக்கு மேல் கறுப்பு என்றால், கேமரா அதை வெளிச்சமாக்கப் பார்க்கும். முகம் வெளுத்துவிடும். அதனால் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1 பக்கம் தள்ளிவிட்டுத்தான் எடுப்பேன். அப்புறம், படியிலிருந்து ஓர் எட்டு உள்ளே தள்ளி நின்றாலே வெளிச்சம் சட்டென்று குறைந்துவிடும். முகம் லேசாகத் திரும்பினால் ஒரு கன்னம் நிழலுக்குள் போய்விடும். வயதானவர்களுக்கு அந்த நிழல் நன்றாக இருக்கும். குழந்தைகளை எனக்கென்னவோ படிக்குப் பக்கத்திலேயே பார்க்கப் பிடிக்கிறது.

மரத்தடியை மட்டும் நம்பாதீர்கள். இலை இடுக்கில் விழும் வெயில் கன்னத்தில் காசு காசாக விழுந்திருக்கும். போதாக்குறைக்கு இலையின் பச்சை வேறு தோலில் ஏறும். எடுக்கிற நேரத்தில் நம் கண் அதைக் கண்டுகொள்ளாது, பெரிய திரையில் போட்டுப் பார்க்கும்போதுதான் தெரியும். சிவப்புச் சுவருக்குப் பக்கத்தில் நிற்கவைத்தாலும் இதே கதைதான், நிறம் மட்டும் வேறு.

எண் கேட்பவர்களுக்கு: குழந்தைகள் என்றால் ஷட்டர் வேகத்தை 1/250 நொடிக்குக் கீழே இறக்குவதில்லை, ஓடுகிற பிள்ளைக்கு 1/500ஆவது வேண்டும். சாயங்காலம் ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன், ஏறினால் ஏறட்டும். படத்தில் புள்ளி தெரிந்தால் பொறுத்துக்கொள்ளலாம், முகம் கலங்கினால் ஒன்றும் செய்ய முடியாது. 85 மி.மீ.யை எஃப்/1.8இல், அதாவது லென்ஸ் துவாரத்தை அகலமாகத் திறந்து வைத்து ஒரு அக்காவையும் தம்பியையும் எடுத்தேன். அக்காவின் இமை முடி எண்ணிவிடலாம் போல இருக்கிறது, ஒரு சாண் பின்னால் நின்ற தம்பி பஞ்சாகிவிட்டான். இரண்டு பேர் என்றால் துவாரத்தைச் சுருக்கி எஃப்/4. முட்டி போட்டு அவர்கள் கண் உயரத்துக்கு இறங்குவதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கேமராவைக் கண்டதும் பத்துப் பிள்ளைகள் கூடி, இரண்டு விரலைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். விரட்டாதீர்கள். எல்லாரையும் எடுத்துத் திரையில் காட்டிவிடுங்கள். பத்து நிமிஷத்தில் சலித்துப்போய் விளையாட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். ஒன்று மட்டும் போகாமல், விரலை வாயில் வைத்துக்கொண்டு நம்மையே பார்த்தபடி நிற்கும். நான் காத்திருப்பது அந்தக் குழந்தைக்காகத்தான்.

பெற்றோரிடம் கேட்பது பற்றி ஒரு வார்த்தை. புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி 1984இல் பாகிஸ்தானின் அகதி முகாம் ஒன்றில், பள்ளிக்கூடமாக இருந்த கூடாரத்துக்குள் எடுத்த பச்சைக் கண் சிறுமியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1985 ஜூன் நேஷனல் ஜியோகிராஃபிக் பத்திரிகையின் அட்டையில் வந்த படம். அவர் பெயர் ஷர்பத் குலா என்று உலகத்துக்குத் தெரிந்தது 2002இல். இடைப்பட்ட 17 வருஷமும் உலகத்துக்கு அவர் வெறும் முகம். வெளிச்சத்துக்கு நான் அந்தப் படத்தை இன்னும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், ஆனால் முன்போல நிம்மதியாகப் பார்க்க முடிவதில்லை. என் குழந்தைப் படங்களை வெளியே போடும்போது ஊர் பெயர் எழுதுவதில்லை. ஃபோனில் எடுத்ததென்றால் ஃபைலுக்குள் ஒளிந்திருக்கும் இருப்பிடத் தகவலையும் நீக்கிவிடுகிறேன்.

கடைசியாகப் போன பயணத்தில் ஒரு பையன், ஆறு வயது இருக்கும். சூரியன் மறைய அரை மணி, பக்கவாட்டில் மஞ்சள் வெயில், எதிரில் ஒரு வெள்ளைச் சுவர் நிழல் பக்கத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் கொடுத்துக்கொண்டிருந்தது. அப்பா சரி என்று சொல்லித்தான் எடுத்தேன். அந்த வருஷத்திலேயே எனக்கு நன்றாக வந்த படம். அம்மா வெளியே வந்தார், திரையைப் பார்த்தார், வேண்டாம் என்று கையை அசைத்தார். காரணம் கேட்கவில்லை. அவர் கண் முன்னாலேயே அழித்தேன்.

பையனுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. கேமராவை வாங்கி, கட்டை விரலால் முன்னும் பின்னும் தள்ளித் தள்ளிப் பார்த்தான். ஒரு பக்கம் ஆட்டுக்குட்டி, மறுபக்கம் வெறும் சுவர். கேமராவைத் திருப்பி, லென்ஸ் பக்கமாகவும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தான்.