துறைமுகத்தில் பாதுகாப்பு எங்கே இருக்கிறது?

பந்திங்_அம்மா:
வணக்கம். மலேசியாவில் பந்திங்கில் இருக்கிறோம், கிள்ளான் துறைமுகம் பக்கம்தான். அலை அடங்கி, கப்பல் பத்திரமாக நிற்கிற தண்ணீர்தான் துறைமுகம் என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். "துறையும் இருக்கு, முகமும் இருக்கு, பத்திரம் எங்கேம்மா?" என்று கேட்கிறாள். சுகாதாரத் துறை என்கிறோமே, அதுவும் இதே துறையா?

காவேரிக்கரை:
அதே துறைதான் அக்கா, பிற்பாடு விரிந்த பொருள். அடிப்படையில் துறை என்றால் மனிதர் தண்ணீரில் இறங்கி ஏறும் இடம். படித்துறை, வண்ணான்துறை, ஓடத்துறை எல்லாம் அப்படித்தான். முகம் இங்கே வாயில். கழிமுகம், முகத்துவாரம் என்கிறோமே, அந்த முகம். கரையில் நிற்பவன் வைத்த பெயர் இது, அதில் பாதுகாப்பைப் பற்றிப் பேச்சே இல்லை.

பழைய_லயம்:
இதற்கு நாகப்பட்டினமே சாட்சி. பேர்போன துறைமுகம், ஆனால் திறந்த கடல். அந்தக் காலத்தில் மலாயாவுக்குச் சனங்களை ஏற்றிப்போன ரஜூலா கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், சனங்கள் பெட்டி படுக்கை பிள்ளைகுட்டியோடு படகில் போய், அலை தூக்கித் தூக்கிப் போட, அதிலிருந்து கப்பலில் ஏற வேண்டும். எங்கள் பாட்டி கடைசிவரை அந்தப் படகைத்தான் பேசினார், கப்பலை அல்ல. கிள்ளானில் தீவுகள் முன்னால் மறித்து நிற்பதால் தண்ணீர் அடங்கிக் கிடக்கும். 1901-ல் திறந்தபோது போர்ட் சுவெட்டன்ஹாம்; 1972-ல்தான் இப்போதைய பெயர்.

நெய்தல்:
மகளிடம் மலாய்ச் சொல்லையும் காட்டுங்கள். பெலாபுஹான் என்பதில் உள்ள லாபுஹ், கீழே இறக்குவது. நங்கூரம் இறக்குமிடம் பெலாபுஹான். திரைச்சீலையை இறக்கவும் அதே சொல். லாபுவான் தீவின் பெயரும் அதுதான். பாதுகாப்பு இருப்பது ஆங்கில ஹார்பரில்: பழைய ஆங்கிலத்தில் படை, புகலிடம் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது, முதலில் மனிதர் தங்குமிடம், அப்புறம்தான் கப்பலுக்கு வந்தது. தமிழில் அடங்கிய நீருக்கென்றே கழி, காயல் என்று தனிச்சொற்கள் உண்டு. காயல்பட்டினம் அப்படி வந்த பெயர்தான். அவற்றை விட்டுவிட்டுத் துறைமுகத்தில் தேடினால் கிடைக்காது.

பந்திங்_அம்மா:
ரொம்ப நன்றி. அப்படியானால் கேரித் தீவுப் பாலத்துக்குக் கீழே ஓடுகிற லங்காட் ஆற்றைக் கழி என்று சொல்லலாமா?

நெய்தல்:
தாராளமாக. கடல் நீர் ஏறி இறங்குகிறது, கரையில் கண்டல், அதாவது உப்புத் தண்ணீர்ச் சேற்றில் வளரும் மரம், நிற்கிறது. கழிமுகம் என்றால் இன்னும் பொருத்தம்.