லிப்போ பேட்டரியின் 'சி'க்கு என்ன சொல்? 'ஈவு' சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் மேல் '30சி' என்பதுபோல் ஓர் எண் இருக்கும். தன் கொள்ளளவுக்கு எத்தனை மடங்கு மின்னோட்டத்தை அது தரும் என்பதற்கான அளவு அது. அந்த 'சி'க்குத் தமிழ்ச்சொல் தேடி நாலு நாளாக ஓடும் இந்த இழையில் 'மின்னிறக்க வீதம்', 'வெளியேற்றுத்திறன்', மேலூர் ஐயா தந்த 'மடைத்திறன்' என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் நாகமலை அடிவாரத்தில் ரிமோட் வண்டி ஓட்டும் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சொல் ஏன் வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன மாதம் என் அக்கா மகன் தன் ஒரு சாண் நீள டிரக்குக்குப் பெரிய மோட்டார் போட்டான். வண்டியோடு வந்த பேட்டரியின் கொள்ளளவு 350 மில்லியாம்பியர்-மணி, மேலே '30சி' என்று அச்சு. "மாமா, 30சின்னா 30 டிகிரிக்கு மேல சூடாகக் கூடாதுன்னு அர்த்தமா? இங்க வெயிலே நாப்பது அடிக்குதே" என்று கேட்டான். பள்ளிக்கூடத்தில் அவன் பார்த்த 'சி' செல்சியஸ். அதனால் அந்த எண்ணை விட்டுவிட்டு, 1000 என்று போட்டிருந்த இரண்டு செல்லை ஒரு கடையில் வாங்கித் தொடராகப் பற்றவைத்துப் பொருத்தினான். மூன்று மடங்கு பெரிய பேட்டரி, மூன்று மடங்கு ஓடும் என்பது அவன் கணக்கு.

சமதரையில் ஓடியது. பாறையில் முன்சக்கரம் ஏறி, பின்சக்கரம் ஒரு வெடிப்பில் சிக்கியதும் விளக்கு மங்கி, வண்டி அப்படியே செத்துப்போனது. கையில் எடுத்து மீட்டரை வைத்தால் 7.9 வோல்ட் காட்டுகிறது. கீழே வைத்து ஏற்றினால் மறுபடி நிற்கிறது. பேட்டரி பெரிசுதான், ஆனால் அது கையடக்க ஒலிபெருக்கிக்கு வைக்கும் செல், தாங்குவது 2சி. அதாவது 1 ஆம்பியர்-மணிக்கு 2 ஆம்பியர்தான். பழைய சின்னப் பேட்டரியோ 0.35 × 30, பத்தரை ஆம்பியர் கொடுக்கும். சுழல முடியாமல் நிற்கும் மோட்டார்தான் அதிகம் இழுக்கும். சுழலும்போது அதுவே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கித் தன் பசியைக் குறைத்துக்கொள்ளும். சக்கரம் சிக்கிய இடத்தில் அந்தத் தடை கிடையாது. செல்லின் மின்னழுத்தம் தொய்ந்துபோக, வேகக் கட்டுப்பாட்டுப் பலகை பேட்டரியைக் காப்பாற்ற மின்சாரத்தை வெட்டிவிட்டது. அன்று சாயங்காலம் ஒரு செல் லேசாக உப்பியிருந்தது. அதற்குப் பிறகு அதை வீட்டுக்குள் வைத்துச் சார்ஜ் போட எனக்கு மனம் வரவில்லை, ஒதுக்கிவிட்டோம்.

அந்த ஓர் எழுத்துக்குத் தமிழில் பொருள் சொல்ல ஆளில்லாமல்தான் இது நடந்தது என்று நினைக்கிறேன்.

இனி சொற்களுக்கு வருகிறேன். 'மின்னிறக்க வீதம்' சொல்ல நீளம். அதைவிடப் பெரிய குறை, சார்ஜ் ஏற்றுவதற்கும் இதே 'சி'தான் அளவு. "லிப்போவை 1சியில் ஏற்று" என்கிறோமே, அதை "1 மின்னிறக்க வீதத்தில் ஏற்று" என்று எப்படிச் சொல்வது? 'வெளியேற்றுத்திறன்' என்றதும் பிள்ளைகளுக்குப் புகைக்குழாய் நினைவு வந்தது. வேறொன்றும் சொல்ல வேண்டியதில்லை.

'மடைத்திறன்' மட்டும் உடனே ஒட்டிக்கொண்டது. கண்மாய்க்கரையில் வளர்ந்த பிள்ளைகள். கண்மாய் எவ்வளவு பெரிசாக இருந்தாலும் மடைவாய் சிறிசு என்றால் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாது என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாதது. நீர்மட்டம் இறங்க இறங்க மடையில் பாய்ச்சல் தளர்வதும் வோல்ட் இறங்குவதோடு ஒத்துப்போகிறது. ஐயாவின் சொல் அழகான சொல், அதை விடக் கூடாது.

ஆனால் மடையின் அளவு ஆம்பியர். இந்த நேரத்தில் இவ்வளவு நீர் என்பதுதான் மடை. 'சி' அப்படிப்பட்ட அளவு இல்லை. மடையைக் கண்மாயின் கொள்ளளவோடு ஒப்பிட்டால் வருகிற எண் அது. பாயும் ஆம்பியரைக் கொள்ளளவால் வகுத்தால் வருவது. வகுத்தால் வருவதற்கு நம்மிடம் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஒரு சொல் இருக்கிறதே: வகுத்தி, ஈவு, மீதி.

ஈவு. கொடுப்பது என்று பொருள். வகுத்தால் கிடைப்பது என்றும் பொருள். ஒரு பேட்டரி தன் கொள்ளளவுக்கு எத்தனை மடங்கு கொடுக்கும் என்பதற்கு இதைவிடப் பொருந்திய சொல் எனக்குத் தோன்றவில்லை. இரண்டு எழுத்து வேறு. "இது 30 ஈவு பேட்டரி" என்று வாயில் வருகிறது. இன்னொரு பயனும் உண்டு: 60 நிமிடத்தை ஈவால் வகுத்தால் அந்த முழு ஆம்பியரையும் விடாமல் இழுத்தால் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும் என்பது கிடைத்துவிடும். 1 ஈவு என்றால் ஒரு மணி நேரம், 30 ஈவு என்றால் இரண்டே நிமிடம்.

ஏற்றும்போது 'கொடுப்பது' என்ற பொருள் இடிக்காதா என்று அம்மா ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அங்கே வகுத்தல் பொருளை எடுத்துக்கொள்ளலாம். 'ஏற்று ஈவு 1' என்று முன்னொட்டுப் போட்டால் குழப்பம் இல்லை. 350க்கு 0.35 ஆம்பியரில் ஏற்று என்று அர்த்தம். விடாமல் தாங்குவது 'தொடர் ஈவு', சில நொடி மட்டும் தாங்குவது 'உச்ச ஈவு'. பங்குச் சந்தையில் 'ஈவுத்தொகை' இருப்பது இடைஞ்சல் இல்லை. அங்கும் வகுத்துக் கொடுப்பதுதானே.

ஆக மூன்று சொல்லும் ஒரே வரியில் உட்காருகின்றன: கொள்ளளவு × ஈவு = மடை. 'திறன்' என்ற வாலை வெட்டிவிடச் சொல்லி ஐயாவைக் கேட்டுக்கொள்கிறேன். இயற்பியலில் திறன் என்றால் வாட். பேட்டரிப் பேச்சில் அது ஆம்பியரையும் வாட்டையும் கலந்துவிடும்.

பல்சக்கரப் பேச்சுக்கும் இது உதவுகிறது. மோட்டாரின் பினியனில் (மோட்டார் அச்சில் மாட்டும் சின்னப் பல்சக்கரம்) ஒரு பல் குறைத்துப் போட்டால் வேகம் குறையும், ஆனால் ஏற்றத்தில் மோட்டாருக்குப் பாரம் குறைந்து அது கேட்கும் ஆம்பியரும் குறையும். "மடை பத்தலைன்னா பல்லைக் குறை" என்று மருமகனே சொல்கிறான்.

இழைக்கு வெளியே ஒன்று: 'பிரஷ்லெஸ்' மோட்டாரை 'தூரிகையிலா மோட்டார்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். தூரிகை ஓவியர் கையில் இருப்பது. மிக்ஸி பழுது பார்க்கிறவர் "கார்பன் தேஞ்சிருச்சு" என்கிறார், வீட்டில் எல்லோருக்கும் புரிகிறது. 'கார்பனில்லா மோட்டார்' என்றே வைத்துக்கொள்ளலாம். தனி இழை தொடங்கினால் விரிவாக எழுதுகிறேன்.

வரும் ஞாயிறு பிள்ளைகளின் பேட்டரிகளுக்கெல்லாம் வெள்ளை டேப்பில் எழுதி ஒட்டப்போகிறோம். முதல் பேட்டரிக்கு எழுத நினைத்திருப்பது: கொள்ளளவு 350, ஈவு 30, மடை 10.5. மறுப்பு இருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
நாகமலை புதுக்கோட்டையிலிருந்து