ஆர்மானியின் கடல் வாசனை 700 ரூபாய்க்குக் கிடைக்குமா?

ஐந்துரோடு_ஆள்:
ஆர்மானியின் அக்வா டி ஜியோவுக்கு மாற்று என்று விற்கிற ஒரு சென்ட், 700 ரூபாய், வாங்கினேன். அடித்ததும் அதே எலுமிச்சை, அதே உப்புக்காற்று. ஒரிஜினல் வைத்திருக்கிற நண்பனே மோந்து பார்த்துவிட்டு தன்னுடையது என்றான். இனி பல மடங்கு கொடுத்து வாங்குபவர்கள் பெயருக்குத்தான் காசு கொடுக்கிறார்கள்.

ஏற்காடு_காப்பி:
அடித்து எத்தனை நிமிஷத்தில் மோந்தான்? எலுமிச்சை, அதே இனத்துப் பழமான பெர்கமாட் எல்லாம் கால் மணி நேரத்தில் பறக்க ஆரம்பிக்கிற சரக்கு, காப்பியடிக்கவும் சுலபம். அந்தக் கடல் வாடையும் கேலோன் என்கிற ஒற்றை மூலக்கூறுதான், 1966-ல் ஃபைசரில் கண்டுபிடித்தது, தர்பூசணியும் கடற்காற்றும் சேர்ந்த மாதிரி இருக்கும், யார் வேண்டுமானாலும் வாங்கிப் போடலாம். 1996-ல் ஒரிஜினலை உருவாக்கிய ஆல்பெர்டோ மொரியாஸ் செய்த வேலையே அதற்கு அடியில் இருக்கிறது: மல்லிகை, தேவதாரு, பச்சௌலி (ஒரு வாசனை இலை, பெயரே தமிழிலிருந்து போனதுதான்). மூன்றாவது மணி நேரத்தில் மோந்துவிட்டு வாருங்கள்.

ஐந்துரோடு_ஆள்:
மூன்றாவது மணி நேரத்தில் யார் மோக்கிறார்கள்? ஏப்ரல் வெயிலில் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்று டவுன் பஸ் ஏறினால் எதுவுமே மிஞ்சாது. ஒரிஜினல் போனால் வயிறு கூடுதலாக எரியும், அவ்வளவுதான்.

அம்மாப்பேட்டை_தறி:
நானும் இந்த மாதிரி ஒன்று வாங்கினேன், பெயர் வேண்டாம். மத்தியானத்துக்குள் எலுமிச்சை காணாமல் போய், தரை துடைக்கிற லிக்விட் வாடை மட்டும் சட்டையில் நின்றது, வீட்டம்மா பாத்ரூம் கழுவினீர்களா என்றே கேட்டுவிட்டார். அதே பாட்டில் டிசம்பரில் ஏற்காட்டில் பரவாயில்லை. குளிரில் மெதுவாக ஆவியாகிறது.

ஏற்காடு_காப்பி:
மெதுவாக வந்தாலும் வந்தது அதே லிக்விட்தானே அண்ணா! ஐந்துரோடு தம்பி, சட்டையில் அடிக்காதீர்கள், தோலில் அடியுங்கள், தேய்க்கவும் கூடாது. ஒரு கையில் உங்களுடையது, மறு கையில் ஒரிஜினல். சாம்பிள் நான் தருகிறேன்.

ஐந்துரோடு_ஆள்:
சரி, ஞாயிறு காலை ஏற்காடு அடிவாரத்தில் அடித்துக்கொள்கிறேன். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏரியைச் சுற்றி, சாப்பிட உட்கார்ந்தால் நீங்கள் கேட்ட மூன்று மணி நேரம் ஆகிவிடும். எந்தக் கையில் எது என்று தறி அண்ணனுக்கு மட்டும் தெரியட்டும். நீங்கள் சரியாகச் சொன்னால் சாப்பாடு என் செலவு.

அம்மாப்பேட்டை_தறி:
வளைவில் வாந்தி எடுத்தால் சோதனை செல்லாது. எனக்கு மட்டன்.