யாழ்ப்பாணம்–சென்னை 144 மெகாஹேர்ட்ஸ்: விமானத்திலை பட்டுத் தெறிக்கிற அலையாலை கதைக்கலாமா?

வடலி:
வணக்கம். நான் அமெச்சூர் வானொலி (பொழுதுபோக்கு றேடியோ) செய்யிறனான், இடம் யாழ்ப்பாணத்துக் கொக்குவில். 12 மீற்றர் கோபுரம், 9 உறுப்பு யாகி (ஒரு திசையை நோக்கிற அன்ரெனா), 50 வாட், ஆர்ஜி-58 கேபிள் 20 மீற்றர். வடக்குப் பக்கம் 100 மீற்றரிலை பனங்கூடல். கடலுக்கு மேலை டக்டிங் (காத்துப்படை அலையைக் குழாய்போலை தூரத்துக்குக் கொண்டுபோறது) இல்லாத நாளிலும், விமானத்திலை பட்டுத் தெறிக்கிற சிக்னலாலை சென்னையோடை கதைக்கலாமா? எந்த விமானம் உதவும் எண்டு எப்பிடிப் பாக்கிறது? ஹைதராபாத் எட்டுமா? 432 மெகாஹேர்ட்ஸிலும் முயலலாமா?

அலைமானி:
சென்னை எட்டும், ஹைதராபாத் எட்டுறது கஷ்டம். விமானம் ரெண்டு நிலையத்துக்கும் ஒரே நேரத்திலை அடிவானத்துக்கு மேலை தெரியவேணும். அதின்ரை உயரத்தை மீற்றரிலை எடுத்து, வர்க்கமூலத்தை 4.12ஆலை பெருக்குங்கோ. எத்தினை கிலோமீற்றர் தூரத்துக்குத் தெரியும் எண்டு வரும். 10,500 மீற்றருக்கு 420. ரெண்டு பக்கமும் சேர்த்து 840. ஹைதராபாத் 870. சென்னை 380தான், நடுப்புள்ளி கடலூர், சிதம்பரம் கரைக்கு வெளியாலை கடலிலை விழுது. அங்கை 2,200 மீற்றர் உயரமே போதும்.

இது வெட்டவெளிக் கணக்கு தம்பி. உங்கட பனைதான் பெரிய பிரச்சினை. 20 மீற்றர் பனை 100 மீற்றரிலை நிண்டால் அன்ரெனாவிலிருந்து 4.5 பாகை மறைப்பு. அதுக்கு மேலாலை நடுப்புள்ளியைப் பாக்க விமானம் 17 கிலோமீற்றரிலை பறக்கவேணும். எந்தப் பயணிகள் விமானமும் அங்கை போகாது. 144இலை ஓலைக்கூடாகக் கொஞ்சம் புகும், அதை நம்பேலாது. மறைப்பை 1 பாகைக்குக் குறைச்சால் 5.5 கிலோமீற்றர் உயரம் போதும். கோபுரத்தை உயர்த்துங்கோ, இல்லாட்டி பருத்தித்துறைக் கரையிலை வைச்சுப் பாருங்கோ. அங்கை வடக்கே வெறும் கடல்.

ஆர்ஜி-58 அந்த நீளத்திலை 4 டெசிபலைத் தின்னும். 50 வாட்டிலை 20தான் மேலை போய்ச்சேரும். ஆர்ஜி-213 போட்டால் இழப்பு 2க்குள்ளை நிக்கும். யாகி கிடையாக, வடக்கிலிருந்து 4 பாகை கிழக்கே. நடுப்புள்ளி விமானம் 2.5 பாகை உயரத்திலைதான் தெரியும், அன்ரெனாவை மேலை சரிக்கத் தேவையில்லை. சென்னைக்காரரும் கிடையாகத்தான் வைச்சிருக்கிறாரோ எண்டு முதலே கேளுங்கோ. குறுக்கு மறுக்காய் இருந்தால் 20 டெசிபல் போயிடும்.

நீர்க்கோடு:
அண்ணை சொன்னதோடு இன்னும் சில. சிக்னல் எழும்புவது, விமானம் இரண்டு நிலையங்களையும் இணைக்கும் கோட்டை நெருங்கும்போதுதான். கோட்டைக் குறுக்கே வெட்டும் விமானம் குறைந்த நேரமே தரும். கோட்டோடு நீளவாக்கில் போவது பல நிமிடம் தரும், டொப்ளர் விலகலும் (விமானத்தின் வேகத்தால் அலைவரிசை மாறுவது) மிகக் குறைவு. கொழும்பு–சென்னை விமானங்களும் பலாலிக்கு வரும் ஏடிஆர் 72உம் இந்தக் கோட்டை ஒட்டியே பறக்கின்றன. முதலில் அவற்றைக் குறிவையுங்கள்.

ஏர்ஸ்கவுட் என்ற இலவச மென்பொருள் பாதையை வரைந்து, எது எப்போது வெட்டும் என்று காட்டும். விமானங்கள் தங்கள் இருப்பிடத்தை 1090 மெகாஹேர்ட்ஸில் அறிவிக்கும்; அதைக் கேட்க ஒரு ஆர்டிஎல்-எஸ்டிஆர் (கணினியில் செருகும் ரேடியோ வாங்கி), 6.9 சென்ரிமீற்றர் கம்பி போதும். லொக்கேற்றரை (உங்கள் இருப்பிடத்தைக் குறிக்கும் கட்டக் குறியீடு) ஆறு எழுத்தாகவே கொடுங்கள். என்ஜே09 என்று நாலோடு நிறுத்தினால் கட்டத்தின் நடுவை எடுத்துக்கொள்ளும். அது உங்களுக்கு 100 கிலோமீற்றருக்கு மேல் கிழக்கே, கடலுக்குள். பிறகு வரும் எல்லா நேரமும் பிழைக்கும்.

எஃப்டி8 (கணினி அனுப்பிப் படிக்கும் டிஜிட்டல் முறை) 144இல் சரிவரும். 250 மீற்றர்/செக்கனில் நடுவில் குறுக்கே போகும் விமானம் அலைவரிசையைச் செக்கனுக்கு 0.3 ஹேர்ட்ஸ் இழுக்கும்; 13 செக்கனுக்கு 4 ஹேர்ட்ஸ், தொனி இடைவெளி 6.25க்குள் அடங்கும். 1296 மெகாஹேர்ட்ஸில் அதே விமானம் 36 ஹேர்ட்ஸ் இழுத்துவிடும், எஃப்டி8 பிரித்தெடுக்காது; அங்கே கியூ65-15சி என்ற இன்னொரு டிஜிட்டல் முறை. கணினிக் கடிகாரம் ஒரு செக்கனுக்குள் சரியாக இருக்கவேண்டும்.

432இல் சென்னையோடு முடியாது. இந்தியாவில் அமெச்சூருக்கு அந்தப் பட்டை 434 முதல் 438 வரைதான். உங்கள் லைசன்ஸில் அந்த இடம் உண்டா என்று பார்த்துவிட்டு இரண்டு பேரும் உள்ளே ஒரு இடத்தைப் பேசிக்கொள்ளுங்கள்.

வடலி:
மெத்தப் பெரிய உதவி. சிக்னல் கேட்டால் அது விமானமா, டக்டிங்கா எண்டு எப்பிடிப் பிரிக்கிறது?

நீர்க்கோடு:
வோட்டர்ஃபோலை (அலைவரிசை நேரத்தோடு எப்படி நகர்கிறது என்று காட்டும் திரை) பாருங்கள். டக்டிங் ஒரே நேர்க்கோடாக, மணிக்கணக்கில் நிற்கும். விமானம் சாய்ந்த கோடாக வந்து, நேர்க்கோட்டைத் தொட்டு, மற்றப் பக்கம் விலகிப்போகும். இரண்டும் சேரும் இடத்தில் சிக்னல் வேகமாகத் துடிக்கும்.

அனுப்பாமலே பழகலாம். 108க்கும் 118 மெகாஹேர்ட்ஸுக்கும் இடையில் விமான நிலைய வோஆர் (விமானங்களுக்கு வழிகாட்டும்) நிலையங்கள் இரவு பகலாகக் கிடையான அலை விடுகின்றன. தூரத்து நிலையம் ஒன்றை இன்னொரு ஆர்டிஎல்-எஸ்டிஆரில் சிடபிள்யூ (மோர்ஸ் கேட்கும்) நிலையில் திறந்து, திரையை ஏர்ஸ்கவுட்டோடு பக்கத்தில் வையுங்கள். சாய்கோடு எந்த விமானத்துடையது என்று ஒரு பின்னேரத்திலேயே கண் பழகிவிடும்.

அலைமானி:
ஒண்டு விட்டுப்போச்சு. கடற்காத்துக்கு கனெக்ரருக்குள்ளை உப்பு பூக்கும். தன்னாலை ஒட்டுற ரப்பர் நாடாவைச் சுத்தி, மேலை வினைல் நாடா போடுங்கோ. எஸ்டபிள்யூஆர் (அன்ரெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருது எண்டதின்ரை அளவு) மெல்ல மெல்ல ஏறினால் முதலிலை அங்கை பாருங்கோ, யாகியைக் கழட்டாதேங்கோ.