கேரவன் வாங்கியாகிவிட்டது, எந்தக் கிளப்பில் சேர்வது? (அவசரம்)

ஹாரோ சிவா | வெள்ளி, இரவு 11:40
வணக்கம். காரின் பின்னால் இழுத்துப்போகும் பழைய கேரவன் ஒன்று வாங்கிவிட்டோம், நான்கு படுக்கை. பள்ளி விடுமுறைக்குள் ஏதாவது ஒரு கிளப்பில் சேர வேண்டும். கேரவன் கிளப் நல்லதா, இன்னொன்று நல்லதா? இரண்டுக்கும் சந்தா கட்ட வீட்டில் அனுமதி கிடையாது. நாளை மதியம் பணம் கட்டப் போகிறேன், விரைவாகச் சொல்லுங்கள். நன்றி.

மில்டன்கீன்ஸ் மீனா | வெள்ளி, இரவு 11:58
"இன்னொன்று" எது தம்பி? கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப், கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப் என்று பிரிட்டனில் பெரியவை இரண்டு இருக்கின்றன. பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் பலர் ஒன்றை நினைத்து மற்றொன்றில் பணம் கட்டிவிடுகிறார்கள். அவை தவிரச் சின்னச் சங்கங்களும் உண்டு. யார் யார் போகிறீர்கள், எந்தப் பக்கம், நாய் உண்டா, இழுக்கும் கார் எது? ஒன்றுமே சொல்லவில்லையே.

குரோய்டன் குகன் | சனி, காலை 7:15
முதலில் கார் என்ன, அதன் எடை என்ன, கேரவனின் மொத்த எடை என்ன என்று சொல்லுங்கள். கிளப் எங்கேயும் ஓடிவிடாது. எடை பொருந்தாவிட்டால் எந்தக் கிளப்பும் உங்களைக் காப்பாற்றாது.

பெரியவண்டி | சனி, காலை 7:49
மேலே தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது. மாதம் தவறாமல் ஒருவர் இதே கேள்வியைத் தூக்கிக்கொண்டு வருகிறார். போகட்டும், சொல்கிறேன்.

இரண்டின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் பாதி விடை கிடைத்துவிடும். கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப்பின் வேர் 1901. தாமஸ் ஹைரம் ஹோல்டிங் என்ற தையல் தொழிலாளி, சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு போகிறவர்களைச் சேர்த்து ஆரம்பித்த சங்கம் அது. மற்றது 1907-இல், குதிரை பூட்டிய கேரவன் வைத்துக்கொள்ளும் அளவுக்கு வசதி படைத்தவர்கள் கூடி ஆரம்பித்தது. கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவர் 1885-இல் 'வாண்டரர்' என்று ஒரு வண்டி செய்வித்து, இரண்டு குதிரைகளைப் பூட்டி ஊர் ஊராகச் சுற்றினார் அல்லவா, அந்த வழி வந்தவர்கள். இன்றைக்கும் அங்கே கூடாரத்துக்கு மரியாதை, இங்கே கேரவனுக்கு மரியாதை. கேரவன் வாங்கியவர் எங்கே சேர வேண்டும் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா? பெயரில் 'மோட்டார்ஹோம்' (இழுக்கக் கார் தேவைப்படாமல் தானே ஓடும் வீட்டு வண்டி) சேர்ந்தது 2017-இல் என்பதையாவது அறிந்துகொள்ளுங்கள்.

ஸ்லவ் சுந்தர் | சனி, காலை 8:30
எந்தக் கிளப்பும் வேண்டாம் என்பது என் கட்சி. முதல் வருடம் தனியார் கேரவன் தளங்களுக்குப் போய்ப் பாருங்கள். எத்தனை இரவுகள் உண்மையில் வெளியே தங்குகிறீர்கள் என்று தெரிந்த பிறகு சேரலாம். என் தெருவில் ஒரு கேரவன் வாங்கிய நாளிலிருந்து நகரவே இல்லை. அதன் கூரையில் பாசி பிடித்திருக்கிறது, ஆனால் உரிமையாளர் ஆண்டுச் சந்தாவை மட்டும் ஒழுங்காகக் கட்டுகிறார்.

மில்டன்கீன்ஸ் மீனா | சனி, காலை 8:52
சுந்தர் சொல்வதில் பாதி சரி. கிளப்பின் சொந்தத் தளங்கள் பலவற்றில் உறுப்பினர் அல்லாதவர்களும் தங்கலாம், ஆனால் ஒவ்வோர் இரவுக்கும் கூடுதல் கட்டணம். ஒரு வார விடுமுறையிலேயே அந்தக் கூடுதல் தொகை சந்தாவை நெருங்கிவிடும்.

ஆனால் பெரிய தளங்களுக்காக நான் கிளப்பில் இல்லை. ஐந்து வண்டி நிற்கும் சின்ன இடங்களுக்காக இருக்கிறேன். கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப்பில் அவற்றைச் சி.எல். என்பார்கள், மற்றதில் சி.எஸ். என்பார்கள். இரண்டும் உறுப்பினர்களுக்கு மட்டும். 1960-ஆம் ஆண்டின் கேரவன் தளச் சட்டம் சில சங்கங்களுக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. அதனால் ஒரு விவசாயி தன் நிலத்தில் தனி உரிமம் வாங்காமலேயே, கிளப்பின் சான்றிதழை வைத்துக்கொண்டு ஐந்து கேரவன்களை நிறுத்த முடிகிறது.

நாங்கள் போனவற்றில் எனக்குப் பிடித்தது நார்ஃபோக்கில் ஒரு பண்ணை. கேட்டைத் திறந்து உள்ளே போனால் கோழிகள் வழிவிடாது. புல்வெளியின் ஓரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய், சுவரை ஒட்டி ஓர் இரும்பு மூடி. மூடியைக் கொக்கியால் தூக்கி, கழிப்பறைப் பெட்டியை அதில் கொட்டி, பக்கத்துக் குழாயில் அலசி, திரும்ப மூடிவிட வேண்டும். இருக்கும் வசதி இவ்வளவுதான், குளியலறை கிடையாது. உருளை வடிவத் தண்ணீர்ப் பீப்பாயைக் காலையில் புல்லில் உருட்டிக்கொண்டு போய் நிரப்புவது பிள்ளைகளின் வேலை. கட்டணம் பெரிய தளத்தில் பாதிகூட இல்லை. முட்டையை வேலியோரப் பெட்டியில் வைத்திருப்பார்கள், காசை டப்பாவில் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

இது உங்களுக்குப் பிடிக்குமா, அல்லது சூடான ஷவரும் துணி துவைக்கும் இயந்திரமும் வேண்டுமா என்பதுதான் கேள்வி. பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

வெம்ப்ளி வரதன் | சனி, காலை 9:20
ஹாரோவில் கேரவனை எங்கே நிறுத்தி வைக்கிறீர்கள்? வீட்டு வாசலிலா? புதிய குடியிருப்பு என்றால் வீட்டுப் பத்திரத்தைப் படியுங்கள், கேரவன் நிறுத்தக் கூடாது என்று அதிலேயே எழுதியிருப்பார்கள். வாடகைக்கு நிறுத்தும் இடம் என்றால் காப்பீட்டு நிறுவனம் பூட்டு, வேலி, கேமரா எல்லாம் கேட்கும். பழைய வண்டி என்கிறீர்கள், கிரிஸ் (கேரவன்களுக்கான பதிவேடு) பதிவு சரிபார்த்தீர்களா? 1992-க்குப் பிந்தைய வண்டி என்றால் பெரும்பாலும் இருக்கும். சன்னல் கண்ணாடியில் பொறித்த எண்ணும் அடிச்சட்டத்தின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஈஸ்ட்ஹாம் செல்வி | சனி, காலை 9:41
ஓட்டுநர் உரிமம் முக்கியம். 1997-க்குப் பிறகு தேர்வு எழுதியவர்கள் கேரவன் இழுக்கத் தனித் தேர்வு எழுத வேண்டும்.

குரோய்டன் குகன் | சனி, காலை 9:44
அது பழைய கதை அக்கா. 2021 டிசம்பர் 16 முதல் சாதாரணக் கார் உரிமத்திலேயே 3,500 கிலோ வரை இழுக்கலாம். ஆனால் சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இழுக்கக் கூடாது. புதியவர்கள் காரின் எடையில் 85 சதவீதத்துக்கு மேல் போகவே கூடாது. கார் 1,500 கிலோ என்றால் கேரவன், சாமான்கள் எல்லாம் ஏற்றிய பிறகும் 1,275 கிலோவுக்குள் இருக்க வேண்டும்.

பெரியவண்டி | சனி, காலை 10:02
85 சதவீதம் சட்டம் இல்லை, அறிவுரை. கார் தயாரிப்பாளர் குறித்திருக்கும் இழுவை வரம்புதான் கணக்கு. நான் 95-இல் பல வருடங்களாக இழுக்கிறேன். இளைஞர்கள் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்.

குரோய்டன் குகன் | சனி, காலை 10:09
சட்டம் என்று நான் எங்கே சொன்னேன் ஐயா? புதியவர்களுக்கு என்றுதானே எழுதினேன்? உங்கள் அனுபவம் உங்களுக்கு. லண்டனைச் சுற்றும் எம்25 மோட்டார்வேயில் லாரி கடந்து போகும்போது கேரவன் வாலாட்ட ஆரம்பித்தால் என்ன செய்வது என்று நேற்று வண்டி வாங்கியவருக்குத் தெரியுமா?

பெரியவண்டி | சனி, காலை 10:17
வால் ஆடுவது எடையால் மட்டும் இல்லை, சாமானை எங்கே வைக்கிறோம் என்பதாலும்தான். கனமானதை அச்சுக்கு மேலே தரையோடு வைத்து, கொக்கியின் மேல் விழும் எடையைச் சரிபார்த்தால் ஆடாது. அரிசி மூட்டையையும் கிரைண்டரையும் பின்பக்க அலமாரியில் ஏற்றிக்கொண்டு போனால் 70 சதவீதத்திலும் ஆடும்.

ஈஸ்ட்ஹாம் செல்வி | சனி, காலை 10:25
கேரவனில் கிரைண்டரா?

பெரியவண்டி | சனி, காலை 10:31
கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வெம்ப்ளி வரதன் | சனி, காலை 10:40
தளத்து மின்சாரம் சில இடங்களில் 10 ஆம்பியர், சில இடங்களில் 16. சின்னச் சி.எல்.களில் 6-கூட உண்டு. கிரைண்டர் ஓடும். கெட்டிலும் ஹீட்டரும் அதோடு சேர்ந்தால் உங்கள் மின்சாரம் நின்றுவிடும். இட்லி மாவை வீட்டிலேயே அரைத்துக்கொண்டு போவது உத்தமம்.

குரோய்டன் குகன் | சனி, காலை 10:46
இழை எங்கேயோ போகிறது. 85 சதவீதம் பற்றி ஐயா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

பெரியவண்டி | சனி, காலை 10:50
ஒப்புக்கொள்ள என்ன இருக்கிறது? தொடங்குகிறவர்களுக்குக் கிளப்களும் தேசிய கேரவன் கவுன்சிலும் பரிந்துரைப்பது அந்த அளவுதான், அது எனக்குத் தெரியாதா? பரிந்துரையை விதி என்று பயமுறுத்தாதீர்கள் என்கிறேன். விதி வேண்டுமா? நடுவே தடுப்பு இல்லாத சாலையில் மணிக்கு 50 மைல், நடுவே தடுப்புள்ள இரட்டைச் சாலையிலும் மோட்டார்வேயிலும் 60. மூன்று பாதை மோட்டார்வேயில் வலது ஓரப் பாதைக்குப் போகக் கூடாது. இதைக் கடைப்பிடிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

ஹாரோ சிவா | சனி, மதியம் 12:35
இத்தனை பதில்களா! கடையில் நிற்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன். கார் ஸ்கோடா. வண்டியை நிறுத்த நண்பரின் இடம் இருக்கிறது. நாங்கள் நான்கு பேர். அக்கா குடும்பம் ஆறு பேர், அவர்கள் எப்போதும் எங்களோடு வருவார்கள், அவர்களிடம் பெரிய கூடாரம் இருக்கிறது. மீனா அக்கா சொன்ன பண்ணை மாதிரி இடம்தான் வேண்டும். பெரியவண்டி ஐயா சொன்னபடி கேரவன் அண்ட் மோட்டார்ஹோமில் பணம் கட்டிவிடட்டுமா?

மில்டன்கீன்ஸ் மீனா | சனி, மதியம் 12:38
கட்டாதீர்கள்! அக்காவின் கூடாரத்தை முதலிலேயே சொல்லியிருந்தால் இந்த இழை நான்கு பதில்களில் முடிந்திருக்கும்.

சி.எல். இடங்களுக்குக் கொடுக்கும் சான்றிதழ் ஐந்து கேரவன் அல்லது மோட்டார்ஹோமுக்கானது. சாதாரணக் கூடாரத்தைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். அந்தக் கிளப்பின் பெரிய தளங்களிலும் கூடாரம் எல்லா இடத்திலும் கிடையாது. சி.எஸ். அப்படி இல்லை. ஐந்து வண்டிகளோடு, இடம் இருந்தால் பத்துக் கூடாரம் வரை அனுமதி உண்டு. நீங்கள் கேரவனிலும் அக்கா கூடாரத்திலும் ஒரே வயலில் தங்க வேண்டுமானால் உங்களுக்கு கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப்தான். ஐயா சொன்ன சைக்கிள்காரர்களின் சங்கம்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. கிளப் தளங்களில் ஒரு பிட்சுக்கு, அதாவது ஒதுக்கித் தரும் ஓர் இடத்துக்கு, ஒரு கேரவன் அல்லது ஒரு கூடாரம். ஆறு பேர் கூடாரத்தை உங்கள் ஆனிங் (கேரவனை ஒட்டிக் கட்டும் துணிப் பந்தல்) பக்கத்தில் செருகிவிடலாம் என்று நினைக்காதீர்கள். வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே ஆறு மீட்டர் இடைவெளி வேண்டும், தீ பரவாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. அக்காவுக்குத் தனி பிட்ச் புக் செய்ய வேண்டும். அடுத்தது, சி.எஸ். உறுப்பினர்களுக்கு மட்டும் என்பதால் அக்கா குடும்பமும் சேர வேண்டும். உங்கள் அட்டையைக் காட்டி அவர்களை உள்ளே அழைத்துப்போக முடியாது.

பெரியவண்டி | சனி, மதியம் 12:51
கூடாரம் இருக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஈஸ்ட்ஹாம் செல்வி | சனி, மதியம் 12:55
:)

ஸ்லவ் சுந்தர் | சனி, மதியம் 1:10
பத்துப் பேர், இரண்டு பிட்ச், இரண்டு சந்தா. ஒரு வாடகை வீடு எடுத்திருக்கலாம்.

குரோய்டன் குகன் | சனி, மதியம் 1:22
ஸ்கோடா என்றால் எந்த ஸ்கோடா? ஃபாபியாவா, கோடியாக்கா? இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எந்தக் கிளப்பானாலும் வண்டியைப் பின்னோக்கித் திருப்பச் சொல்லித்தரும் வகுப்புகள் இருக்கின்றன, ஒன்றுக்குப் போய்விடுங்கள். முதல் இடமே பண்ணை என்றால் குறுகிய கேட், ஈரப் புல், எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்தபடி வேடிக்கை பார்க்கும் நான்கு தம்பதிகள். அங்கே கற்றுக்கொள்ள முடியாது.

வெம்ப்ளி வரதன் | சனி, மதியம் 1:40
கிளப்பின் உள்ளூர்க் கிளை நடத்தும் வார இறுதிக் கூடல்களையும் பாருங்கள். ஒரு பள்ளி மைதானத்திலோ வயலிலோ இருபது முப்பது வண்டிகள் நிற்கும். கட்டணம் மிகக் குறைவு. பக்கத்து வண்டிக்காரர் கேட்காமலேயே வந்து உங்கள் வண்டியின் மட்டத்தைச் சரி செய்துவிட்டுப் போவார். நாங்கள் போன முதல் கூடலில் எங்களைத் தவிர எல்லோருக்கும் அறுபது வயதுக்கு மேல். ஆனாலும் என் மகன் இன்னும் அதைப் பற்றியே பேசுகிறான். ஒருவர் அவனுக்குக் காற்றாடி செய்து கொடுத்தார்.

பழுது உதவித் திட்டத்தையும் பாருங்கள். பல திட்டங்களில் கேரவனுக்கு நீள வரம்பும் எடை வரம்பும் உண்டு. வண்டி அதைத் தாண்டினால் காரை மட்டும் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஹாரோ சிவா | செவ்வாய், இரவு 9:05
கேம்பிங் அண்ட் கேரவனிங்கில் சேர்ந்துவிட்டோம், அக்காவும் சேர்ந்துவிட்டார். சஃபோக்கில் ஒரு சி.எஸ்.ஸில் ஆகஸ்டுக்கு இரண்டு பிட்ச் கிடைத்தது. உரிமையாளர் அம்மாள் தொலைபேசியிலேயே பதிவு செய்துகொண்டார். எல்லோருக்கும் நன்றி.

குரோய்டன் குகன் | செவ்வாய், இரவு 9:11
எந்த ஸ்கோடா?

லூட்டன் லதா | புதன், மாலை 6:30
இதே இழையில் கேட்கலாமா? எங்களிடம் இருப்பது மோட்டார்ஹோம், மூன்றரை டன். மீனா அக்கா சொன்ன பண்ணை எங்களுக்கும் சரிப்படுமா?

மில்டன்கீன்ஸ் மீனா | புதன், மாலை 7:02
நார்ஃபோக் பண்ணை என்றால் கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப், அது சி.எல். வேனிலில் சரிப்படும். மழைக்குப் பிறகு அந்தப் புல்லில் மூன்றரை டன்னை இறக்கினால் டிராக்டர்தான் வந்து இழுக்க வேண்டும். கெட்டித் தரை இருக்கிறதா என்று புக் செய்வதற்கு முன்பே கேளுங்கள். மற்றதைத் தனி இழையில் போடுங்கள் லதா, இங்கே குகன் ஸ்கோடாவுக்காகக் காத்திருக்கிறார்.