பழைய மரத்தில் கனமான கதவு: கீலா, குடுமியா?

எல்லோருக்கும் வணக்கம். இடித்த கட்டடத்தின் பழைய தேக்கு உத்திரங்களை அறுத்து வாசல் கதவு செய்கிறேன். 7 அடி உயரம், 3.5 அடி அகலம், 2 அங்குல கனம். கணக்குப் போட்டால் ஒற்றைக் கதவே 70 கிலோவைத் தாண்டுகிறது.

பலகைகளை நெட்டுவாக்கில் நிறுத்தி, பின்னால் குறுக்குச் சட்டங்களும் சாய்வுச் சட்டமும் வைக்கிறேன். சாய்வின் கீழ்முனை கீல் பக்கம் வந்தால்தான் பாரம் நிலைக்கு, அதாவது வாசல் சட்டத்துக்கு, இறங்கும், அது சரி. ஆனால் இந்த எடையை நான்கு பட்டைக் கீல்கள் தாங்குமா, அல்லது அந்தக் காலம் போல மேலும் கீழும் குடுமி (குழியில் நின்று சுழலும் முளை) வைத்துவிடலாமா? குடுமி வைத்தால் பாரம் முழுக்கத் தரையில் இறங்கும், நிலை பிழைக்கும். என் மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. அடிக்குழியின் தேய்மானம்தான் யோசனை.

அப்புறம், பழைய மரம் இனி அசையாது என்கிறார்கள். எனக்கு நம்பிக்கையில்லை, ஈரக்காற்றில் எந்த மரமும் அகலவாக்கில் உப்பும். அதனால் பலகைகளை ஒட்டாமல் நாக்கும் காடியுமாக (ஒன்றின் விளிம்பு நீட்டம் அடுத்ததன் பள்ளத்தில் நுழையும்படி) கோத்து, சட்டத்தில் திருகாணிக்கு நீளத் துளை போட நினைக்கிறேன். பலகைக்குப் பலகை எவ்வளவு இடைவெளி விடுவீர்கள்?

உள்ளே முறிந்து நிற்கும் ஆணிகளைப் பலகை சிதையாமல் எடுக்க வழி தெரிந்தவர்களும் சொல்லுங்கள். இழைப்புளி அலகு பாவம்.